அமெரிக்காவில் புது வேலை: ஆபீஸ் இன்ஷூரன்ஸில் மருந்துக்கு எவ்வளவு கட்டுவீர்கள்?

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஹெச்ஆரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். இரண்டு மூன்று மெடிக்கல் திட்டங்கள் இருக்கும், பெரும்பாலும் 30 அல்லது 31 நாளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருப்பார்கள். நம்மவர்கள் பலர் பக்கத்து இருக்கைக்காரரிடம் "நீங்க எதை எடுத்திருக்கீங்க?" என்று கேட்டு அதையே டிக் செய்துவிடுகிறார்கள். அவருக்கு வயது 26, வருடத்துக்கு ஒரு தடவை சளிக்கு டாக்டரைப் பார்க்கிறவர். உங்கள் வீட்டிலோ மனைவிக்குத் தைராய்டு, உங்களுக்குச் சர்க்கரை, பையனுக்கு வீசிங். அவருக்கு லாபமான திட்டம் உங்களுக்கு ஆயிரம் டாலர் நஷ்டமாக முடியலாம்.

ஆஸ்பத்திரிச் செலவு எப்போதாவது வருவது. மருந்துச் செலவு மாதாமாதம் வரும், அதனால்தான் அதை முன்கூட்டியே கணக்குப் போட முடிகிறது. திட்டத்தின் பெயரை முதலில் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் மருந்துப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் உங்கள் மருந்துப் பட்டியல்

வீட்டில் யார் யார் எதைத் தினமும் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிராண்ட் பெயர் மட்டும் போதாது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரும் மில்லிகிராமும் வேண்டும், ஏனென்றால் இங்கே டாக்டருக்கும் பார்மசிக்கும் அதுதான் புரியும். தைரோநார்ம், எல்ட்ராக்சின் இரண்டும் லெவோதைராக்சின். கிளைகோமெட் என்பது மெட்ஃபார்மின், டெல்மா என்பது டெல்மிசார்டான், பான் 40 என்பது பான்டோபிரசோல். இவை எல்லாமே இங்கே ஜெனரிக்காக, அதாவது பிராண்ட் பெயரில்லாத மலிவு வடிவில், கிடைக்கின்றன, பயப்பட ஒன்றுமில்லை. சிலவற்றுக்கு மூலப்பெயரே இங்கு வேறு. டோலோவிலும் குரோசினிலும் இருக்கும் பாராசிட்டமாலை இங்கே அசிட்டமினோஃபென் என்பார்கள். ஆஸ்தாலின் இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் இங்கே அல்பியூட்டரால். ஈக்கோஸ்பிரின் 75 எடுப்பவர்களுக்கு இங்கே 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும். மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சில மருந்துகள் இங்கே கிடையவே கிடையாது. நம்மூரில் சர்க்கரைக்குச் சகஜமாக எழுதப்படும் டெனெலிகிளிப்டின், வில்டாகிளிப்டின், கிளிக்கிளசைடு மூன்றுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி இல்லை. மான்டெக் எல்சி மாதிரியான கூட்டு மாத்திரையும் கிடைக்காது. அதில் உள்ள மான்டிலூகாஸ்டைச் சீட்டு காட்டித் தனியாகவும், லெவோசெட்ரிசினைக் கடை அலமாரியிலிருந்து தனியாகவும் வாங்க வேண்டும். சர்க்கரை மருந்து விஷயத்தில்தான் செலவு ஏறும். டெனெலிகிளிப்டினுக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த ஜானுவியாவை இங்கத்திய டாக்டர் எழுதலாம். அது பல ஆண்டுகளாகப் பிராண்டாக மட்டுமே விற்றுவந்த மருந்து. ஊரில் மாத்திரை சில ரூபாய்க்கு வாங்கிப் பழகியவர் இங்கே மாதத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலையைப் பார்த்துத் திகைத்துப்போவார்.

இன்னும் கிளம்பாதவர்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். மூன்று மாத மருந்தை ஒரிஜினல் அட்டையோடு, டாக்டரின் ஆங்கிலச் சீட்டோடு எடுத்து வாருங்கள். சொந்த உபயோகத்துக்கு 90 நாள் அளவு வரை கொண்டுவருவதை எஃப்டிஏ பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. சில கம்பெனிகளில் சேர்ந்த அன்றைக்கே இன்ஷூரன்ஸ் தொடங்கும், சில இடங்களில் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி. காத்திருக்கும் காலம் 90 நாள் வரை போகச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதோடு பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது பின்னால் தெரியும்.

மருந்துக்கு வேறு கம்பெனி

உங்கள் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் ஒரு கம்பெனியிடம் இருக்கும். மருந்து விஷயத்தைக் கவனிப்பது பல நேரங்களில் இன்னொரு கம்பெனியாக இருக்கும். இவர்களைப் பிபிஎம் என்பார்கள். சிவிஎஸ் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ் மூன்றும்தான் இதில் பெரியவை. எந்த மருந்துக்குப் பணம் கொடுப்பது, எதற்குக் கேள்வி கேட்பது, எந்தக் கடையில் வாங்கலாம் என்பதையெல்லாம் நடைமுறையில் பார்த்துக்கொள்வது இவர்கள்தான். மருந்து பற்றிய சந்தேகத்துக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கூப்பிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால், கடைசியில் "அதற்கு வேறு எண்" என்பார்கள்.

கையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் அட்டையைப் பாருங்கள். ஆர்எக்ஸ் பின் (RxBIN) என்று ஆறு இலக்க எண், அதன் கீழே பிசிஎன், ஆர்எக்ஸ் குரூப், உங்கள் மெம்பர் ஐடி எல்லாம் இருக்கும். பார்மசிக்காரர் கம்ப்யூட்டரில் தட்டுவது இவற்றைத்தான். பின்பக்கம் பார்மசி உதவிக்கென்று தனித் தொலைபேசி எண் இருக்கும், அதைத்தான் போனில் சேமிக்க வேண்டும். மெடிக்கல் அட்டையில் இந்த எண்களே இல்லையென்றால், மருந்துக்குத் தனி அட்டை தபாலில் வரும் என்று அர்த்தம். வரும்வரை பிபிஎம்மின் ஆப்பில் பதிவு செய்து டிஜிட்டல் அட்டையை எடுத்துக்கொள்ளலாம்.

ஃபார்முலரியில் உங்கள் மருந்து எங்கே இருக்கிறது?

திட்டம் ஏற்றுக்கொள்ளும் மருந்துகளின் பட்டியலுக்குப் பெயர் ஃபார்முலரி. திட்டத்தில் சேருவதற்கு முன்பே இதைப் பார்க்கலாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் எஸ்பிசி என்ற சுருக்க ஆவணம் கொடுத்தாக வேண்டும் என்பது 2012 முதல் சட்டம். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அச்சில் இருக்கும், அதனால் இரண்டு திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சுலபம். அதில் மருந்துக்கென்று ஒரு பகுதி உண்டு. ஜெனரிக்குக்கு எவ்வளவு, பிராண்டுக்கு எவ்வளவு என்று இருக்கும், ஃபார்முலரியின் இணைய முகவரியும் அங்கேயே இருக்கும். கடைசிப் பக்கத்தில் மூன்று உதாரணக் கணக்குகள் போட்டிருப்பார்கள். ஒன்று பிரசவம், ஒன்று எலும்பு முறிவு, ஒன்று ஜோ என்பவரின் ஒரு வருட டைப் 2 சர்க்கரைச் செலவு. வீட்டில் சர்க்கரை இருப்பவர்கள் அந்த ஜோவின் கணக்கை ஒவ்வொரு திட்டத்திலும் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

ஃபார்முலரியில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு படி இருக்கும், டியர் என்பார்கள். வழக்கமாக முதல் படியில் ஜெனரிக், இரண்டாவதில் திட்டம் விரும்பும் பிராண்ட், மூன்றாவதில் விரும்பாத பிராண்ட், நான்காவதில் புற்றுநோய், மூட்டுவாதம் போன்றவற்றுக்கான விலை உயர்ந்த ஸ்பெஷாலிட்டி மருந்துகள். படி ஏற ஏற உங்கள் பங்கு ஏறும். ஒரே வியாதிக்கான இரண்டு பிராண்டில் ஒன்று இரண்டாம் படியிலும் மற்றது பட்டியலுக்கு வெளியிலும் இருப்பது சகஜம். எது எந்தப் படிக்குப் போகிறது என்பதில் மருந்துக் கம்பெனி பிபிஎம்முக்குக் கொடுக்கும் தள்ளுபடிக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே உங்கள் மருந்து மூன்றாம் படியில் இருந்தால் அது மட்டமான மருந்து என்று எண்ண வேண்டாம்.

படிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்துகளில் சில குறிகள் இருக்கும். பிஏ என்றிருந்தால் முன் அனுமதி வேண்டும். எஸ்டி (ஸ்டெப் தெரபி) என்றிருந்தால் முதலில் மலிவான மருந்தைச் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். க்யூஎல் என்றால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. படியைவிட இந்தக் குறிகள்தான் முதல் மாதத்தில் உங்களை அலைய வைக்கும். ஆகவே உங்கள் தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே படி எண்ணையும் குறியையும் சேர்த்து எழுதுங்கள்.

டிடக்டிபிள்: இங்கேதான் கணக்கு மாறுகிறது

கோபே என்பது நிலையான தொகை, மருந்துக்கு 10 டாலர், 40 டாலர் என்று இருக்கும். கோஇன்ஷூரன்ஸ் என்பது சதவீதம். டிடக்டிபிள் என்பது இன்ஷூரன்ஸ் தன் பங்கைப் போடத் தொடங்குவதற்கு முன் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை. இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: மருந்துக்கு டிடக்டிபிள் உண்டா, இல்லையா?

பிபிஓ வகைத் திட்டங்கள் (நெட்வொர்க்குக்கு, அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு, வெளியிலும் டாக்டரைப் பார்க்க விடுபவை) பலவற்றில் மருந்துக்கு முதல் நாளிலிருந்தே கோபேதான், டிடக்டிபிள் கிடையாது. சில திட்டங்களில் மருந்துக்கென்றே தனி டிடக்டிபிள் வைத்திருப்பார்கள். ஹெச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கோடு வரும் ஹை டிடக்டிபிள் திட்டங்களில் மருந்தும் மருத்துவமும் ஒரே டிடக்டிபிளில் சேரும். 2025-இல் இந்த வகைத் திட்டத்தின் டிடக்டிபிள் தனி நபருக்குக் குறைந்தது 1,650 டாலர், குடும்பத்துக்குக் குறைந்தது 3,300 டாலர் இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. பெரும்பாலான ஆண்டுகளில் இது கொஞ்சம் கூடும். டிடக்டிபிள் நிரம்பும்வரை மருந்தின் முழு விலையும் உங்களுடையது. கடையில் எழுதியிருக்கும் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை, பிபிஎம் பேசி வைத்திருக்கும் விலையைக் கொடுத்தால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் திட்டத்தின் எண்களை இதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனி நபர், மாதம் 450 டாலர் விலையுள்ள ஒரு பிராண்ட் மருந்து. பிபிஓவில் பிரீமியம் மாதம் 110 டாலர், அந்த மருந்துக்குக் கோபே 40. வருடத்துக்குப் பிரீமியம் 1,320, மருந்து 480, ஆக மொத்தம் 1,800.

ஹை டிடக்டிபிள் திட்டத்தில் பிரீமியம் மாதம் 40தான், டிடக்டிபிள் 2,000, அதன் பிறகு 20 சதவீதம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாதம் 450 வீதம் 1,800 போய்விடும். மே மாதம் டிடக்டிபிளில் மிச்சமிருக்கும் 200, அதற்கு மேலான 250-இல் 20 சதவீதமாக 50, சேர்த்து 250. ஜூனிலிருந்து டிசம்பர் வரை மாதம் 90 வீதம் 630. மருந்து மட்டும் 2,680. பிரீமியம் 480 சேர்த்தால் 3,160. கம்பெனி ஹெச்எஸ்ஏவில் 750 போடுகிறது என்று வையுங்கள், கழித்தால் 2,410. பிரீமியம் குறைவு என்று இதை எடுத்தவர் 610 டாலர் அதிகம் கட்டுகிறார். அதைவிடச் சங்கடம், ஊரிலிருந்து வந்து வீட்டு அட்வான்ஸ், கார், மரச்சாமான் என்று பணம் கரையும் முதல் நான்கு மாதத்தில்தான் மருந்துக்கும் முழு விலை கட்ட வேண்டியிருக்கும்.

அதே நபர் மாதம் 10 டாலர் ஜெனரிக் மட்டும் எடுப்பவராக இருந்தால் கணக்கு தலைகீழ். பிபிஓவில் 1,440 ஆகும். ஹை டிடக்டிபிளில் 600 ஆகும், கம்பெனி போடும் 750 அதைத் தாண்டியே நிற்கிறது. நம் பக்கத்து இருக்கைக்காரர் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார், அவருக்கு.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு, பலர் தவறவிடுவது இதைத்தான். 2019-இல் இங்கத்திய வரித் துறையான ஐஆர்எஸ் ஒரு விதி கொண்டுவந்தது. சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் போன்ற நாள்பட்ட வியாதிகளுக்கான சில மருந்துகளை, ஹை டிடக்டிபிள் திட்டத்திலும் டிடக்டிபிளுக்கு முன்பே இன்ஷூரன்ஸில் கொடுக்கலாம் என்றது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை, அது கம்பெனியின் இஷ்டம். பல கம்பெனிகள் கொடுக்கின்றன. அந்தப் பட்டியல் ஃபார்முலரிக்குள் இருக்காது, ப்ரிவென்டிவ் டிரக் லிஸ்ட் என்று தனி ஆவணமாக இருக்கும். மேலே சொன்ன 450 டாலர் மருந்து அந்தப் பட்டியலில் 40 டாலர் கோபேயோடு இருந்தால், ஹை டிடக்டிபிள் திட்டத்தின் மொத்தச் செலவு 210 டாலராக இறங்கிவிடும். ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் 2,200 டாலர் வித்தியாசம். ஹெச்ஆருக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதி அந்தப் பட்டியலைக் கேளுங்கள், தயங்காதீர்கள். அவர்கள் வேலையே அதுதான்.

குடும்பத்தோடு சேருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில திட்டங்களில் ஒருவர் தன் தனி டிடக்டிபிளைத் தாண்டினாலே அவருக்கு இன்ஷூரன்ஸ் தொடங்கிவிடும். சிலவற்றில் குடும்பத்தின் மொத்தத் தொகையும் நிரம்பினால்தான் யாருக்குமே தொடங்கும்.

கடைசி வேலி, வருட உச்சவரம்பு. நெட்வொர்க்குக்குள் நீங்கள் கட்டும் கோபே, டிடக்டிபிள், கோஇன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து அதைத் தொட்டுவிட்டால், திட்டம் ஏற்றுக்கொண்ட மருந்துகளுக்கு அந்த வருடம் மேற்கொண்டு கட்ட வேண்டியதில்லை. 2025-இல் சட்டப்படி அது தனி நபருக்கு 9,200 டாலரையும் குடும்பத்துக்கு 18,400 டாலரையும் தாண்டக் கூடாது என்றிருந்தது. ஸ்பெஷாலிட்டி மருந்து எடுப்பவர்கள் திட்டங்களை ஒப்பிடும்போது இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர்களில் பலர் அதைத் தொட்டுவிடுவார்கள்.

டாக்டரின் அறையிலேயே கேட்க வேண்டியது

இங்கே பெரும்பாலும் சீட்டைக் கையில் தர மாட்டார்கள். எந்தப் பார்மசி என்று கேட்டு, கம்ப்யூட்டர் வழியாக நேரே அங்கே அனுப்பிவிடுவார்கள். அதனால் வீட்டுக்குப் பக்கத்தில் உங்கள் நெட்வொர்க்கில் உள்ள கடை எது என்று ஆப்பில் பார்த்துவிட்டுப் போங்கள். பெரிய கடைச் சங்கிலி என்பதாலேயே அது நெட்வொர்க்கில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

டாக்டர் புது மருந்து எழுதும்போது, "இது என் ஃபார்முலரியில் இருக்கிறதா, ஜெனரிக் உண்டா, பிஏ வேண்டுமா?" என்று கேளுங்கள். பல டாக்டர்களின் திரையிலேயே இது தெரியும். டாக்டரை எதிர்த்துப் பேசுவதாக இங்கே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம்மூரில் டாக்டரிடம் விலை கேட்கக் கூச்சப்படுவோம். இங்கே அந்தக் கூச்சம் நேராகப் பர்ஸில்தான் கை வைக்கும். தொடர்ந்து எடுக்கும் மருந்து என்றால் 90 நாளுக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். தபாலில் 90 நாள் மருந்து வாங்கினால் பல திட்டங்களில் மூன்று மாதத்துக்கு மூன்று கோபே ஆகாது, அதைவிடக் குறைவாக முடியும். சில திட்டங்களில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் 30 நாள் அளவாக வாங்கினால் பணம் தர மாட்டார்கள், தபாலிலோ குறிப்பிட்ட கடையிலோதான் வாங்க வேண்டும்.

பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளையும் படியுங்கள். இங்கே பெரும்பாலும் அட்டையாகத் தர மாட்டார்கள், ஆரஞ்சு நிற பாட்டிலில் எண்ணிப் போட்டுத் தருவார்கள். லேபிளில் இன்னும் எத்தனை ரீஃபில் (அதே சீட்டில் மறுபடி வாங்கும் தடவை) மிச்சம் என்று ஒரு எண் இருக்கும். அது பூஜ்யம் என்றால், மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டர் ஆபீஸுக்குச் சொல்லிவிட வேண்டும்.

கவுண்டரில் "இன்ஷூரன்ஸ் ஒத்துக்கவில்லை" என்றால்

முதல் முறை இதைக் கேட்டவுடன் பலர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் கிரெடிட் கார்டைத் தேய்த்து முழு விலையும் கட்டிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பார்மசியின் கம்ப்யூட்டருக்குப் பிபிஎம்மிடமிருந்து சில நொடியில் ஒரு பதில் எண் வரும். "என்ன ரிஜெக்ட் கோட் வந்திருக்கிறது?" என்று கேளுங்கள். 70 என்றால் மருந்து பட்டியலில் இல்லை. 75 என்றால் முன் அனுமதி தேவை. 76 என்றால் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது. 79 என்றால் ரீஃபிலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, எந்தத் தேதியில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு அப்போது வந்தால் போதும். ஊருக்கு இரண்டு மாதம் போகிறீர்கள், அதனால்தான் முன்கூட்டி வேண்டும் என்றால், பிபிஎம்மைக் கூப்பிட்டு வெகேஷன் ஓவர்ரைடு கேளுங்கள். பல திட்டங்கள் கொடுக்கும். டிக்கெட் போட்டவுடனே கேட்டுவிடுவது நல்லது.

75தான் நம்மவர்களுக்கு அடிக்கடி வருவது. முன் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியது டாக்டர் ஆபீஸ். பார்மசி அவர்களுக்கு ஒரு தகவல் அனுப்பும், அது அங்கே குவியலில் கிடக்கும். அன்றைக்கே டாக்டர் ஆபீஸைக் கூப்பிட்டு, முன் அனுமதி பார்ப்பவர் யார் என்று கேட்டு, மருந்தின் பெயரையும் பிபிஎம் எண்ணையும் சொல்லுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிபிஎம்மைக் கூப்பிட்டு விண்ணப்பம் வந்துசேர்ந்ததா என்று கேளுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் யாராவது துரத்தினால்தான் நகரும்.

அந்த ஸ்கேன் செய்த பழைய சீட்டுகளுக்கு இங்கேதான் வேலை. ஸ்டெப் தெரபி உள்ள மருந்துக்கு, மலிவானதை ஏற்கெனவே சாப்பிட்டுப் பார்த்தீர்களா என்று பிபிஎம் தன் பதிவில் தேடும். ஐந்து வருடமாகக் கோயம்புத்தூரில் மெட்ஃபார்மின் சாப்பிட்டது அதற்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு நீங்கள் நேற்றுத்தான் நோயாளியானவர். எந்த மருந்தை எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை எடுத்தீர்கள், ஏன் மாற்றினார்கள், அப்போதைய ஹெச்பிஏ1சி எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி, பழைய சீட்டையும் ரிப்போர்ட்டையும் இணைத்து டாக்டரிடம் கொடுங்கள். அது கோப்பில் இருந்தால் "மறுபடி முதலிலிருந்து மெட்ஃபார்மின் சாப்பிடுங்கள்" என்ற பதிலைத் தவிர்க்க நல்ல வாய்ப்பு உண்டு.

அப்படியும் மறுத்தால், எழுத்தில் காரணம் வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலான தனியார் கம்பெனித் திட்டங்களுக்குப் பொருந்தும் எரிசா சட்டப்படி, மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உடனடி ஆபத்துள்ள நிலை என்று டாக்டர் சொன்னால் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். உள்ளுக்குள்ளேயே மறுத்துவிட்டார்கள், அது மருத்துவக் காரணம் சொல்லி மறுத்தது என்றால், வெளியிலிருக்கும் நடுவரிடம் போக நான்கு மாதம் அவகாசம் உண்டு. நடுவர் சொல்வது திட்டத்தைக் கட்டுப்படுத்தும். மேல்முறையீட்டில் டாக்டரின் கடிதம்தான் முக்கியம். "இந்த மருந்து நல்லது" என்று பொதுவாக எழுதுவதைவிட, பட்டியலில் உள்ள மாற்று மருந்துகள் இந்த நோயாளிக்கு ஏன் ஆகாது என்று ஒவ்வொன்றாக எழுதினால்தான் பலன்.

திட்டமே ஒதுக்கி வைத்த மருந்துகளில் இந்த வழிகள் அதிகம் உதவாது. உடல் எடைக்கான வெகோவி போன்ற ஊசிகளைப் பல கம்பெனிகள் திட்டத்திலேயே சேர்ப்பதில்லை. அதே மூலப்பொருள் கொண்ட ஓசெம்பிக்கைச் சர்க்கரைக்கு என்றால் தருவார்கள், டைப் 2 என்று கோப்பில் நிரூபணம் கேட்பார்கள்.

முன் அனுமதியோ மேல்முறையீட்டு முடிவோ வருவதற்குள் மாத்திரை தீர்ந்துவிடும் நிலை என்றால், ஒரு வாரத்துக்கு மட்டும் காசு கொடுத்து வாங்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பாட்டில் முழுக்க வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் சமயங்கள்

நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் சில ஜெனரிக் மருந்துகள் இன்ஷூரன்ஸைக் காட்டாமல் வாங்கினால் கோபேயைவிடக் குறைவு. முன்பெல்லாம் இதை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்று பார்மசிகளை ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். 2018 அக்டோபரில் வந்த சட்டம் அதைத் தடை செய்தது. ஆகவே "இன்ஷூரன்ஸ் இல்லாமல் என்ன விலை?" என்று தைரியமாகக் கேளுங்கள். குட்ஆர்எக்ஸ் ஆப்பில் கடைவாரியாக விலை பார்க்கலாம். வால்மார்ட் 2006-லிருந்து குறிப்பிட்ட ஜெனரிக் மருந்துகளை 4 டாலருக்கு விற்கிறது. காஸ்ட்கோவின் பார்மசிக்கு மெம்பர்ஷிப் தேவையில்லை. 2022 ஜனவரியில் தொடங்கிய, தொழிலதிபர் மார்க் கியூபனின் காஸ்ட் பிளஸ் டிரக்ஸ் இணையத்தில் அடக்கவிலைக்கு மேல் 15 சதவீதம் வைத்து, பார்மசிக் கட்டணமும் தபால் செலவும் தனியாகச் சேர்த்து விற்கிறது.

ஒன்றே ஒன்று கவனம். இப்படி வெளியே வாங்கியது பொதுவாக உங்கள் டிடக்டிபிளில் சேராது. வருடம் முழுக்க 10, 15 டாலர் மருந்து மட்டும் வாங்குபவருக்கு அதனால் நஷ்டமில்லை. பெரிய ஆபரேஷனோ பிரசவமோ இருக்கும் வருடத்தில் இன்ஷூரன்ஸ் வழியாகவே வாங்குவது மேல்.

பிராண்ட் மருந்துக்கு அதன் கம்பெனியே கூப்பன் கொடுக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கூப்பன் கட்டிய பணம் உங்கள் டிடக்டிபிளில் கணக்கில் வருமா என்று பிபிஎம்மிடம் கேட்டுவிடுங்கள். சில திட்டங்கள் அதைக் கணக்கில் எடுக்காது. கூப்பன் தீர்ந்த மாதம் முழு டிடக்டிபிளும் அப்படியே எதிரில் நிற்கும்.

சில மருந்துகளுக்கு எதுவுமே கட்ட வேண்டியதில்லை. பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகள், கருத்தடை மருந்துகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம், இதய நோய் ஆபத்துள்ள 40 முதல் 75 வயதுக்காரர்களில் சிலருக்கு ஸ்டாட்டின் ஆகியவை பெரும்பாலான கம்பெனித் திட்டங்களில் இலவசம். கவுண்டரில் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக

ஹெச்எஸ்ஏ பணம் உங்களுடையது, வருடம் முடிந்தாலும் வேலை மாறினாலும் கூடவே வரும். எஃப்எஸ்ஏ என்ற இன்னொரு மருத்துவச் செலவுக் கணக்கு அப்படியில்லை, வருடத்துக்குள் செலவழிக்க வேண்டும், கொஞ்சம் மட்டும் அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகச் சில கம்பெனிகள் விடும். 2020-லிருந்து சீட்டில்லாமல் வாங்கும் தலைவலி மாத்திரை, அலர்ஜி மாத்திரைக்கும் இந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம்.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைப் பெரும்பாலான ஆபீஸ் திட்டங்களில் சேர்க்க முடியாது. விசிட்டர் இன்ஷூரன்ஸ் ஏற்கெனவே உள்ள வியாதிக்கான தினசரி மருந்துக்குப் பொதுவாகப் பணம் தராது. அவர்கள் தங்கும் காலத்துக்கான மருந்தை அங்கிருந்தே எடுத்துவரச் சொல்லுங்கள். அப்பாவின் பிரஷர் மாத்திரையை உங்கள் பெயரில் எழுதி வாங்கும் யோசனை வேண்டாம், அது சட்டப்படி தவறு, உங்கள் மருத்துவக் கோப்பிலும் இல்லாத வியாதி ஏறிவிடும்.

ஒவ்வொரு வருடமும், பெரும்பாலும் இலையுதிர் காலத்தில், ஓபன் என்ரோல்மென்ட் என்ற திட்டம் மாற்றிக்கொள்ளும் காலம் வரும். போன வருடத் திட்டமே தொடரட்டும் என்று விடாமல், உங்கள் தாளை எடுத்து மருந்துகளைப் புதிய ஃபார்முலரியில் மறுபடி தேடுங்கள். ஜனவரி 1 அன்று படிகள் மாறும், பல திட்டங்களில் ஜூலை 1 அன்றும் மாறும்.

வேலை மாறும்போதோ போகும்போதோ, இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியோடு முடிகிறது என்று ஹெச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். சில கம்பெனிகளில் கடைசி வேலை நாளோடு, சிலவற்றில் அந்த மாதக் கடைசியோடு முடியும். அதற்குள் எல்லா ரீஃபிலையும் வாங்கிவிடுங்கள். பழைய திட்டத்தையே கோப்ரா என்ற சட்டத்தின் மூலம் தொடர முடிவெடுக்க 60 நாள் கிடைக்கும், எடுத்தால் இன்ஷூரன்ஸ் நின்ற நாளிலிருந்தே பின்தேதியிட்டுச் செல்லும். பிரீமியம் முழுவதையும் நீங்களே கட்ட வேண்டும் என்பதால், அந்த 60 நாளுக்குள் புது வேலையின் திட்டம் தொடங்கிவிடுமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இடையில் காசு கொடுத்து வாங்கிய மருந்தின் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், கோப்ரா எடுத்தால் அவற்றை அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.